நங்கூரம் போட்ட கப்பல் வந்தது

யார் எதை இலவசமாகக் கொடுத்தாலும் முதலில் பின்பக்கம் திருப்பிப் பார்ப்பது என் பழக்கம். காஸ் சிலிண்டரை எடை போட்டுக் காட்டாமல் வீட்டுக்குள் விட மாட்டேன். காலடிப்பேட்டை மார்க்கெட்டில் நான் வருவதைப் பார்த்தாலே மீன்காரம்மா பக்கத்துக் கடைக்காரியிடம், "வந்துகினு கீது பாரு, செவுள நோண்ட" என்று சொல்வது என் காதிலேயே விழும். விழட்டுமே. கடலுக்குப் போகிற குடும்பத்தில் பிறந்துவிட்டு அழுகின வஞ்சிரத்தை வாங்கி வந்தால் அதைவிட அசிங்கம் வேறு உண்டா? என் வீட்டுக்காரர் ரயில்வேயில் இருக்கிறார். "உங்கிட்ட வாக்குமூலம் குடுத்துக் குடுத்தே என் ஆயுசு முடிஞ்சிடும்" என்பார். சிரித்துக்கொண்டுதான் சொல்வார். அந்தச் சிரிப்பும் எனக்குச் சந்தேகம்தான்.

வேலையும் அதற்கேற்றாற்போல் அமைந்தது. ராயபுரத்தில் ஒரு கப்பல் ஏஜென்சி ஆபீஸ். எந்தக் கப்பல் எங்கே வந்துகொண்டிருக்கிறது, எது வெளியே நங்கூரம் போட்டு நிற்கிறது, எதற்கு எப்போது உள்ளே போக முறை வரும் என்று பார்த்துப் பார்த்து எழுதி அனுப்பவேண்டும். இதில் ஆட்கள் வாயால் சொல்வதற்கு மதிப்பே கிடையாது. "நாளைக்குக் காலைல வந்துடும்" என்று யாராவது சொன்னால், நாளை மறுநாள் என்று எழுதிக்கொள்வேன். ஆனால் கப்பல் சொல்வதற்கு மதிப்பு உண்டு. ஒவ்வொரு பெரிய கப்பலும் ரேடியோவில் தன்னைப் பற்றித் தானே ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கும். நான் இன்னார், இங்கே இருக்கிறேன், இவ்வளவு வேகம், ஓடுகிறேன் அல்லது நங்கூரத்தில் நிற்கிறேன். எங்கள் ஆபீஸில் 'நங்கூரத்தில்' என்று வந்துவிட்டால் வந்ததுதான். அதை வைத்துத்தான் அடுத்த காகிதமே நகரும்.

அந்த ரேடியோ செய்தியைப் பிரித்துப் படிக்கிற கம்ப்யூட்டர் கோடு, அதாவது நிரல், ஒன்றை நான் எழுதினேன். ஆபீஸ் வேலைக்காக இல்லை. கம்ப்யூட்டரை நானே தட்டித்தட்டிக் கற்றுக்கொண்டவள், கற்றுக்கொண்டதைச் சும்மா வைத்திருக்க முடியவில்லை. எங்கள் பாஷையில் இதற்கு லைப்ரரி என்று பெயர். புத்தகம் அடுக்கிய இடம் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு குறிப்பிட்ட வேலையை முடித்துக் கொடுக்கும் கோடு அது. அடுத்தவர்கள் எடுத்துத் தங்கள் செயலிக்குள் வைத்துக்கொள்ளலாம். நான் அதை இணையத்தில் திறந்தே வைத்தேன். யார் வேண்டுமானாலும் படிக்கலாம், எடுத்துக்கொள்ளலாம், திருத்தம் அனுப்பலாம். திருத்தத்தைச் சேர்ப்பதும் புது வெர்ஷன் வெளியிடுவதும் மட்டும் என் கையில். வெளியிடுவதற்கான சாவிக் கோப்பு ஒரு பென்டிரைவில் இருக்கிறது. அந்தப் பென்டிரைவ் பீரோவில் நகைப் பெட்டிக்குள் இருக்கிறது. பீரோ சாவி எங்கே இருக்கிறது என்று நான் சொல்லப் போவதில்லை.

இதையெல்லாம் இலவசமாகக் கொடுத்துவிட்டு இலவசத்தைச் சந்தேகப்படுகிறாயே என்று கேட்கலாம். என்னை எனக்குத் தெரியும். மற்றவர்களை எனக்குத் தெரியாது.

என் தம்பி முகத்துவாரக்குப்பத்தில் பெண் எடுத்து அங்கேயே வீடு கட்டிக்கொண்டவன். ஃபைபர் படகு வைத்திருக்கிறான். எண்ணூருக்கு வெளியே கப்பல்கள் வரிசையாக முறைக்குக் காத்து நிற்கும். அவற்றுக்கு நடுவில்தான் இவர்கள் வலை விடுவார்கள். கப்பலுக்கு இவர்கள் கண்ணிலேயே படமாட்டார்கள். அதனால் அவன் வீட்டு மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டியை ஒட்டி ஓர் ஆன்டெனாவைக் கட்டினேன். அது கப்பல் செய்திகளை வாங்கும், என் லைப்ரரி பிரிக்கும், குப்பத்து ஆட்களின் போனில் கப்பல்கள் புள்ளிகளாகத் தெரியும். ஓடுகிற கப்பல் படகை நோக்கி வந்தால் போன் கத்தும். குப்பத்தில் பாதிப் பேர் போட்டுக்கொண்டார்கள். எனக்கு மரியாதை கூடிவிட்டது. கருவாடு கூட வீட்டுக்கு வந்து சேர்ந்தது. அதையும் மோந்து பார்த்துத்தான் எடுத்து வைத்தேன்.

பிறகு ஒரு விடியற்காலையில் தம்பியின் படகு கவிழ்ந்தது.

படகில் அவனும் அவன் மச்சானும், அதாவது அவன் பெண்டாட்டியின் அண்ணன். கடலில் விட்ட வலை ஊறும் நேரத்தில் ஒருவர் படுத்தால் மற்றவர் முழித்திருக்க வேண்டும், அதுதான் அங்கே முறை. அன்றைக்கு முழித்திருக்க வேண்டியது தம்பி. வலை போயிற்று. கப்பல் கிளப்பிவிட்ட அலையில் படகு புரண்டு, மச்சானின் தோள்பட்டை முறிந்தது. பக்கத்துப் படகுக்காரர்கள் இழுத்துக்கொண்டு வந்து கரை சேர்த்தார்கள். கரையில் நடுங்கிக்கொண்டே தம்பி திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்.

"நங்கூரம் போட்டுகினு நின்ன கப்பலு வந்துச்சிக்கா. போன்லயும் நங்கூரம்னுதான் காட்டுச்சி. அத நம்பித்தான் நான் அந்தப் பக்கம் பாக்காம வுட்டேன். திரும்பிப் பாத்தா தலைக்கு மேல கீது. சட்டையக் கழட்டி வீசினேன், கத்தினேன். நிக்கல."

நங்கூரம் போட்ட கப்பல் எப்படி வரும்? குப்பமே கேட்டது. மீன் ஏலம் போடும் கொட்டகையில் பெரியவர்கள் கூடினார்கள். கூட வந்தவன் படுக்கும்போது முழித்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டுத் தூங்கினால் அது அங்கே சாதாரணக் குற்றமில்லை. என்னையும் வரச்சொன்னார்கள். "நீங்க ஆபீஸ்ல கப்பலு பாக்கறவங்க, நீங்க சொன்னா நாங்க ஒத்துக்கறோம்" என்றார் ஒருவர்.

அது எங்கள் ஆபீஸ் கப்பல் இல்லை. அன்று காலையில் உள்ளே போனது என்பது மட்டும் தெரியும். எப்போது கிளம்பியது என்று என் செயலியில் பார்த்தேன். தம்பி சொன்ன நேரத்தில் அது 'நங்கூரத்தில்' என்று இருந்தது. புள்ளி ஒரு நூல் கூட நகரவில்லை. நகர்ந்தது அதற்கப்புறம்தான். என் தம்பியையும் எனக்குத் தெரியும். சின்ன வயதிலிருந்தே உட்கார்ந்த இடத்தில் தூங்குகிறவன். மாதா கோயிலில் பூசை நடக்கும்போது நின்றுகொண்டே தூங்குவான், நான்தான் முழங்கையால் இடித்து எழுப்புவேன். கண் அசந்திருப்பான், நீரோட்டம் படகை வேறு ஏதோ கப்பலின் வழிக்குக் கொண்டுபோயிருக்கும் என்று என் மனசு கணக்குப் போட்டது. பார்த்ததைப் பார்த்தபடி சொன்னேன். "அந்த நேரத்துல அந்தக் கப்பல் நகரல." தூங்கித்தான் போயிருக்கிறான் என்று பெரியவர்கள் முடிவு சொல்லி எழுந்தார்கள். தம்பி என்னைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

அதோடு அவன் கடல் முடிந்தது. விடியலுக்கு முன்னால் படகுக்காரர் ஆட்களின் வீட்டு வாசலில் போய்க் குரல் கொடுப்பார், உள்ளிருந்து பதில் குரல் வந்தால் அன்றைக்குத் தொழில். தம்பி குரல் கொடுத்தால் ஒரு வாசலிலும் பதில் இல்லை. அவனுக்கு 'நங்கூரம்' என்றே பட்டப்பெயர் வந்துவிட்டது. படகைக் குப்புறக் கவிழ்த்துப் போட்டுவிட்டு மீஞ்சூர் பக்கம் கூலிக்குப் போய்வந்தான். அவன் கடலுக்குத் திரும்ப வேண்டுமென்றால் அவனோடு ஏற ஓர் ஆள் வேண்டும். தூங்கினவனோடு எவன் ஏறுவான்?

சில மாதங்கள் கழித்துத்தான் அந்த அந்நியன் வந்தான்.

வந்தான் என்றால் இணையத்தில். பெயருக்குப் பதில் நான்கு எழுத்து. படம் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் வட்டம். கணக்குத் தொடங்கியது சமீபத்தில். வேறெங்கும் அவன் ஒரு வரி கோடு எழுதியதாகத் தடயமில்லை. நேராக என் லைப்ரரிக்கு வந்து ஒரு திருத்தம் அனுப்பியிருந்தான். என்ன திருத்தம் தெரியுமா? என் கோட்டில் ஒரு பகுதியை எடுத்துவிடு என்கிறான்.

அந்தப் பகுதி நான் ஆசையாக எழுதியது. நங்கூரத்தில் நிற்கிற கப்பல் அலையில் ஆடும், காற்றுக்குச் சுற்றும். போனில் அதன் புள்ளி நடுங்கிக்கொண்டே இருக்கும். பார்ப்பவர்களுக்குக் கண் வலி, போன் பேட்டரிக்கும் கேடு. அதனால் ஒரு கப்பல் 'நங்கூரத்தில்' என்று சொன்னதும், அது 'ஓடுகிறேன்' என்று மாற்றிச் சொல்லும்வரை புள்ளியை அதே இடத்தில் ஆணி அடித்துவிடுவேன். குப்பத்தில் எல்லோரும் "இப்போ நல்லா கீது" என்றார்கள். இவன் அந்த ஆணியைப் பிடுங்கச் சொன்னான். கப்பல் தன் நிலையைப் பற்றிச் சொல்வதை நம்பாதே, அது உண்மையில் இருக்கும் இடத்தை மட்டும் பார், நகர்ந்தால் நகர்கிறது என்று சொல், சிறு படகுகள் இதை நம்பி இருக்கின்றன என்று ஆங்கிலத்தில் சுருக்கமாக எழுதியிருந்தான்.

சிறு படகுகள் மேல் இவனுக்கு என்ன அக்கறை? ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். எங்கள் உலகத்தில் இந்த வேலை நடக்காததில்லை. யாரோ ஒருவன் ரொம்ப நல்லவனாக வந்து உதவி செய்வான், மெதுவாக நம்பிக்கையைச் சம்பாதிப்பான், ஒருநாள் அடுத்த வெர்ஷனுக்குள் விஷத்தை வைத்துவிட்டுப் போவான். என் சின்ன லைப்ரரியில் விஷம் வைத்து என்ன கிடைக்கும் என்று கேட்டுக்கொண்டேன். பதிலும் நானே சொல்லிக்கொண்டேன். ஒரு கப்பலை யார் கண்ணிலும் படாமல் மறைக்கலாம். எண்ணெய் கடத்துகிறவன், வேறெதையோ கடத்துகிறவன், எவனாவது ஒருவன் இருப்பான். சோழியன் குடுமி சும்மா ஆடுமா?

அவன் அனுப்பிய நேரங்களைப் பார்த்தேன். கோடு அனுப்பும்போது அவரவர் கம்ப்யூட்டர் கடிகாரம் எந்த ஊர் நேரத்தில் இருக்கிறது என்பதும் கூடவே வரும். முதல் முறை வளைகுடா நேரம். அடுத்த முறை நம்ம ஊர் நேரம். அதற்கடுத்து சீனா நேரம். நடுவில் நீண்ட மௌனம். நல்ல மனுஷனுக்குக் கடிகாரம் இப்படி ஊர் சுற்றுமா? ஒரு ஆள் இல்லை, ஒரு கும்பல் என்று முடிவு கட்டினேன்.

திருத்தத்தைப் படித்தேன், வரி வரியாக. குறை இல்லை. குறை இல்லாததே பெரிய குறையாகத் தெரிந்தது. சரிபார்ப்பதற்காக அவன் ஒரு கோப்பும் சேர்த்திருந்தான், உண்மையான கப்பல் செய்திகளின் மாதிரி. இப்படிப்பட்ட கோப்புக்குள்தான் விஷத்தை ஒளிப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, இணையத்தையே காணாத ஒரு பழைய லேப்டாப்பில் அதைத் திறந்து, செய்தி செய்தியாகக் கையால் பிரித்துப் பார்த்தேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்காரர் கூப்பிட்டார், போகவில்லை. எல்லாம் சுத்தம். ஒரு கப்பல் 'நங்கூரத்தில்' என்று சொல்லிக்கொண்டே நகர்கிறது, அவ்வளவுதான் அதில் இருந்தது. அவனே உட்கார்ந்து எழுதின பொய்ச் செய்தியாக இருக்கும் என்று ஒதுக்கிவிட்டேன்.

"எப்போது வெளியிடுவீர்கள்?" என்று கேட்டான். பதில் போடவில்லை. மறுபடி கேட்டான், இந்த முறை 'தயவுசெய்து' சேர்த்து. மூன்றாம் முறை எழுதினான்: "உங்களுக்கு நேரமில்லை என்றால் வெளியிடும் உரிமையை எனக்குத் தாருங்கள். நானே வெளியிடுகிறேன்."

மாட்டினான் என்று துள்ளினேன். எல்லாத் திருடர்களும் கடைசியில் கேட்பது இதைத்தானே, சாவியை! வீட்டுக்காரரை எழுப்பிக் காட்டினேன். அவர், "அப்போ முடியாதுன்னு சொல்லிட்டுத் தூங்கேன்" என்றார். எனக்கு அப்படி விட மனசில்லை. ஆளை மடக்க வேண்டும். வெட்டொன்று துண்டிரண்டாகக் கேட்டேன். நான் கப்பல் ஏஜென்சியில் வேலை பார்ப்பவள், நங்கூரத்தில் இருக்கும் கப்பல் நகராது என்பது எனக்குத் தெரியும், நகரும் என்பது உனக்கு எப்படித் தெரியும்?

பல நாள் பதில் இல்லை. ஓடிவிட்டான் என்று நினைத்தேன். பிறகு வந்தது. இந்த முறை கடிகாரம் ஆப்பிரிக்கா பக்கம் இருந்தது.

அவன் எழுதியதன் சாரம் இது. நங்கூரத்தைத் தூக்கியதும் கப்பலில் இருப்பவன் கையால் மாற்றினால்தான் 'ஓடுகிறேன்' என்று செய்தி போகும். இடமும் வேகமும்போல் தானாக மாறாது. நங்கூரம் தூக்குகிற நேரத்தில் அவனுக்கு ஆயிரம் வேலை. மறந்துவிடுவான். துறைமுகத்துக்குள் கூட்டிப்போகிற வழிகாட்டி மாலுமி ஏறி வந்து சத்தம் போட்ட பிறகுதான் மாற்றுவான். அதற்குள் கப்பல் ரொம்ப தூரம் வந்திருக்கும். கடைசி வரி மட்டும் தனியாக இருந்தது. "நான் மறந்திருக்கிறேன். ஒரு சிறு படகிலிருந்து யாரோ துணியை வீசினார்கள்."

எந்தக் கப்பல், எந்தக் கடல், எப்போது என்று உடனே கேட்டேன். பதில் வரவில்லை. இன்றுவரை வரவில்லை. அவன் உண்மையாகவே கப்பலில் இருப்பவனா, என் தம்பியின் கதையை எங்கேயோ கேட்டுவிட்டு என்னை வளைக்கிறானா, இரண்டையும் நினைத்தேன். துணி வீசாத மீனவன் எந்தக் கடலில்தான் இருக்கிறான் என்றும் நினைத்தேன். ஆளை நம்பவில்லை. ஆனால் அவன் சொன்னதைச் சோதித்துப் பார்க்கலாமே. அதற்கு அவன் தேவையில்லை, என் கண் போதும்.

அடுத்த விடுமுறையில் இரண்டு போன்களோடு தம்பி வீட்டு மொட்டைமாடிக்குப் போனேன். ஒன்றில் பழைய வெர்ஷன். மற்றதில் அந்நியனின் திருத்தம் சேர்த்த, இன்னும் வெளியிடாத புது வெர்ஷன். சோதனைக்காக இரண்டிலும் படகு இருக்கும் இடத்தைக் கப்பல்கள் உள்ளே போகும் வழியில் குறித்து வைத்தேன். அன்று யார் யாருக்கு முறை என்பது ஆபீஸிலேயே எனக்குத் தெரியும். தம்பி கூலி வேலைக்குப் போகாமல் கூடவே உட்கார்ந்தான். எதற்கென்று நான் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை. அந்தக் கொட்டகை நாளுக்குப் பிறகு எங்களுக்குள் பேச்சே குறைந்திருந்தது.

முதல் கப்பல் கிளம்பியது. ஒழுங்காக 'ஓடுகிறேன்' என்று சொன்னது. இரண்டு போனிலும் புள்ளி நகர்ந்தது, இரண்டும் கத்தின. "பாத்தியா, ரெண்டும் ஒண்ணுதான்" என்றேன் யாரிடமோ. அந்நியனைப் பொய்யனாக்கிவிட்ட திருப்தி. வெயில் ஏறியது. தம்பி பெண்டாட்டி கஞ்சியும் நெத்திலி வறுவலும் மேலே கொண்டுவந்து வைத்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் இறங்கிப் போனாள். அவள் அண்ணனின் தோள் இன்னும் சரியாகவில்லை.

மத்தியானம் சாய்ந்தபோது இரண்டாவது கப்பல். நங்கூரத்தில் நிற்கிற கப்பல்கள் எல்லாம் நீரோட்டத்துக்கு ஒரே பக்கமாக முகத்தைக் காட்டிக்கொண்டு நிற்கும். அதில் ஒன்று மட்டும் மெதுவாகத் திரும்பியது. புகைபோக்கியில் கருப்பாகப் புகை வந்தது. தம்பி எழுந்து நின்றான். நான் போன்களைப் பார்த்தேன். இரண்டிலும் அது 'நங்கூரத்தில்' என்றே சொல்லிக்கொண்டிருந்தது. கண்ணுக்கு முன்னால் கப்பல் போகிறது, நங்கூரத்தில் நிற்கிறேன் என்கிறது!

பழைய போனில் புள்ளி அடித்த ஆணியாக அங்கேயே நின்றது. புதியதில் புள்ளி நகர்ந்தது. நகர்ந்து, திரும்பி, நான் படகு என்று குறித்த இடத்தை நோக்கி வந்தது. புது போன் கத்தத் தொடங்கியது. பழைய போன் வாயைத் திறக்கவில்லை. கப்பல் அந்த இடத்தைத் தாண்டிப் போகும்வரை திறக்கவில்லை.

மீன்காரியை, சிலிண்டர்காரனை, கட்டின புருஷனை, முகம் தெரியாத அந்நியனை என்று ஊரையே சந்தேகப்பட்டவள், ஒரு கப்பல் தன்னைப் பற்றித் தானே சொன்னதை மட்டும் ஒரு கேள்வி கேட்காமல் நம்பியிருக்கிறேன். ஆபீஸில் நம்பி நம்பிப் பழகிப்போனது. அந்தக் கப்பல் மறந்தது ஒரு தப்பு என்றால், அதன் புள்ளியை நகரவிடாமல் ஆணி அடித்தது என் கை. தம்பி சொன்னது அத்தனையும் சொன்னபடியே நடந்திருக்கிறது. வெளுத்ததெல்லாம் பால் என்று நம்பினவள் நானா என்று ஆத்திரமாக வந்தது. அழுகையும் வந்தது.

தம்பி இரண்டு போனையும் மாறி மாறிப் பார்த்தான். "இன்னாக்கா இது?" என்றான். சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன், ஆணியையும் சேர்த்து. அவன் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்துகொண்டான்.

அன்றே வெளியிட்டாக வேண்டும். நாளைக்கு விடிந்தால் குப்பத்துப் படகுகள் பழைய வெர்ஷனோடு கடலில் இருக்கும். லேப்டாப்பும் பென்டிரைவும் பையில்தான் இருந்தன, அந்நியன் சாவியைக் கேட்டதிலிருந்து அதை வீட்டில் விட்டுவிட்டு வர எனக்குத் தைரியம் ஏது? தம்பியையும் கூட்டிக்கொண்டு கீழே போய்க் கட்டிலில் உட்கார்ந்து மறுபடி ஒருமுறை திருத்தத்தை வரி வரியாகப் படித்தேன். ஆமாம், அப்போதும் படித்தேன். அவன் சொன்னது உண்மை என்பதற்காக அவன் யோக்கியன் என்று ஆகிவிடாது. வெளியிட்ட வெர்ஷனைத் திரும்ப வாங்க முடியாது, யார் யார் எந்தெந்த நாட்டில் எடுத்துக்கொள்வார்கள் என்பதும் எனக்குத் தெரியாது. போட்டது போட்டதுதான்.

என்ன மாற்றம் என்று வெளியீட்டுக் குறிப்பு எழுத வேண்டும். வழக்கமாக 'சிறு பிழைகள் சரிசெய்யப்பட்டன' என்று எழுதிவிட்டுப் போவேன். இந்த முறை அப்படி எழுதவில்லை. கப்பல் தன் நிலையைப் பற்றிச் சொல்வதை இந்த லைப்ரரி இனி நம்பாது என்று எழுதினேன். பழைய வெர்ஷன்களில் ஓடும் கப்பல் நிற்பதாகத் தெரியும், அது நான் எழுதிய கோட்டின் பிழை, உயிர் சம்பந்தப்பட்ட வேலைக்கு அவற்றைப் பயன்படுத்தாதீர்கள் என்று எழுதினேன். திருத்தியவர் என்ற இடத்தில் அந்த நான்கு எழுத்தைப் போட்டேன். சாவியைச் செருகி, கடவுச்சொல்லைக் கையால் மறைத்துக்கொண்டு தட்டி, அனுப்பினேன். வெளியாகிவிட்டது என்று ஒரு வரி வந்தது. செயலிக்குள்ளும் புதியதை ஏற்றினேன். தம்பியின் போனில் அது தானாக மாறியதைப் பார்த்துவிட்டுத்தான் மூச்சு விட்டேன்.

"எழுந்திரு" என்றேன் தம்பியிடம். "உன் மச்சான் வூட்டுக்குப் போலாம். நீ தூங்கலன்னு நானே சொல்றேன். அப்புறம் கொட்டகைல சொல்றேன்."

அவன் எழவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "மச்சான்கிட்ட நான் முன்னாலயே பேசிட்டேன்கா. கால்ல வுழுந்து மன்னிப்பு கேட்டுட்டேன்."

"மன்னிப்பா? எதுக்குடா?"

"தூங்கிட்டதுக்கு."

"நீதான் தூங்கலையேடா!"

"எனக்கு இன்னா தெரியும்? முழிச்சினுதான் இருந்தேன்னு நெனப்பு. ஆனா நீ கொட்டகைல வந்து நின்னு நகரலன்னு சொன்ன. எங்கக்கா எதையும் சும்மா நம்பாது, நல்லா பாத்துட்டுதான் சொல்லும்னு எனக்குத் தெரியும். சரி, நான்தான் தூங்கிகினு கனா கண்டுட்டேன் போலன்னு வுட்டுட்டேன்."

நான் லேப்டாப்பை மூடினேன். செருப்பை மாட்டிக்கொண்டு மச்சான் வீட்டுக்குத் தனியாக நடந்தேன்.